நூலகத்துக்கு வழி எது?

அத்தையை அத்தை என்று கூப்பிடக் கூடாது என்று அப்பா காலையிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

“வகுப்புக்குள்ள அவ உனக்கு டீச்சர். நீ அவளுக்கு மாணவி. அவ்வளவுதான்.”

“அப்ப, போற வழியில?” என்று கேட்டாள் பட்டாணி.

“வழியில அத்தை.”

“பள்ளிக்கூட வாசல்ல?”

அப்பா சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். “வாசல்ல நீ பேசவே வேண்டாம்.”

பட்டாணி என்பது வீட்டில் வைத்த செல்லப்பெயர். ஆள் சிறியவள். ஓரிடத்தில் நிற்காமல் உருண்டுகொண்டே இருப்பாள். அந்தப் பெயர் பள்ளிவரை உருண்டு வந்து அங்கேயும் ஒட்டிக்கொண்டது.

அவள் பிறந்த குடும்பத்துக்குப் படிப்பில் நல்ல பெயர். “நம்ம வீட்டுல யாரும் வகுப்புல எழுந்து நின்னு ‘புரியல’ன்னு சொன்னதே கிடையாது” என்பார் அப்பா. அதைச் சொல்லும்போதெல்லாம் அவருடைய முதுகு இன்னும் கொஞ்சம் நிமிரும்.

அப்பாவின் தங்கைதான் அத்தை. ஆசிரியர் பயிற்சி படிக்கிறாள். இன்று பயிற்சிக் கல்லூரியிலிருந்து ஒரு பேராசிரியை வந்து, அத்தை பட்டாணியின் வகுப்பில் பாடம் நடத்துவதைக் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்க்கப் போகிறார். நன்றாக நடத்தினால் அத்தை ஆசிரியர் ஆகிவிடுவாள். சொதப்பினால் மறுபடியும் முதலிலிருந்து பயிற்சி.

ஆங்கிலத்தைக் காதால் கேட்டுப் புரிந்துகொள்ளும் பாடம் அது. ஒலிப்பதிவில் ஒரு பெண் நூலகத்துக்கு வழி கேட்பாள். ஒரு கடைக்காரர் வழி சொல்லுவார். அதைக் கேட்டு நூலகம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

முந்தின நாள் மாலை முழுக்க வீட்டில் அத்தை ஒத்திகை பார்த்தாள். தலையணைகள்தான் மாணவர்கள். உயிருள்ள மாணவி பட்டாணி மட்டும்தான். அத்தை வரைந்த தெருப்படத்தில் விரலை வைத்து, குரல் சொல்லச் சொல்ல நகர்த்தி, ஒவ்வொரு முறையும் அவள் சரியாக நூலகத்தில் போய் நின்றாள்.

“வகுப்புல நீதான் முதல்” என்றாள் அத்தை.

“தலையணைங்கதான் கொஞ்சம் மந்தம்” என்றாள் பட்டாணி.

பள்ளிக்கூடம் தொடங்கியதும் தலைமையாசிரியை வகுப்புக்குள் எட்டிப்பார்த்தார். “வர்றவங்க முன்னால மானத்தை வாங்கிடாதீங்க. புரிஞ்சுதான்னு கேட்டா, புரிஞ்சுதுன்னு சத்தமா சொல்லணும்!”

பேராசிரியை வந்தார். கடைசி பெஞ்சில், பட்டாணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பெஞ்சு அவருக்கு மிகவும் தாழ்வாக இருந்தது. முழங்கால்கள் மேசையில் இடித்தன.

பட்டாணிக்கு ஒன்றும் விளங்கவில்லை. தேர்வு அத்தைக்கு என்றார் அப்பா. பதில் சொல்ல வேண்டியவர்கள் பிள்ளைகள் என்கிறார் தலைமையாசிரியை. அப்படியானால் யார் யாருக்காகப் பயப்பட வேண்டும்?

“மேடம், நீங்க எங்களைப் பாக்க வந்தீங்களா, டீச்சரைப் பாக்க வந்தீங்களா?” என்று கிசுகிசுத்தாள்.

“உங்களைப் பாத்தாத்தானே அவங்களைப் பத்தித் தெரியும்” என்று பேராசிரியையும் கிசுகிசுத்தார்.

குழப்பம் இரண்டு மடங்கானது.

அத்தை வணக்கம் சொன்னாள். ஒலிபெருக்கியின் பொத்தானைத் தேடி அழுத்தினாள். முதலில் கரகரவென்று ஒரு சத்தம். பிறகு கடைக்காரரின் குரல் கடகடவென்று ஆங்கிலத்தில் வழி சொல்லத் தொடங்கியது.

நேராகப் போ, வங்கியைத் தாண்டு, இடப்பக்கம் திரும்பு, பாலத்தில் ஏறு, வலப்பக்கம், மறுபடியும் இடப்பக்கம்...

பிள்ளைகளின் தலைகள் இடமும் வலமும் ஆடின. பட்டாணிக்கு முன்னால் இருந்த பையன் எல்லாரையும்விட உயரம்; ஒட்டடைக்குச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் தலை ஆடியபோது பின்னால் காற்றே வீசியது.

குரல் நின்றது.

“புரிஞ்சுதா?” என்று கேட்டாள் அத்தை.

“புரிஞ்சுது டீச்சர்!” கூரை அதிர்ந்தது.

“அப்ப, நூலகம் எங்க இருக்கு?”

கூரை அமைதியானது. கடைசியில் ஒட்டடைக்குச்சி எழுந்தான்.

“ஊருக்குள்ளதான் டீச்சர்.”

பேராசிரியையின் பேனா வேகமாக ஓடியது. அத்தையின் முகம் வெளுத்தது.

பட்டாணி கண்ணை மூடி யோசித்தாள். வங்கி, பாலம், அப்புறம்? நேற்று மாலை முழுக்கக் கேட்டதுதான். ஆனால் இப்போது பாலத்தில் ஏறியவள் இறங்க வழி தெரியாமல் நின்றாள். ஒரு ராத்திரியில் மூளை கரைந்துவிட்டதா என்ன?

தன் விரலைப் பார்த்தாள். அது வெறும் மேசைமேல் எதையோ தேடிக்கொண்டிருந்தது.

தெருப்படம்! அத்தை தெருப்படத்தைக் கொடுக்கவே இல்லை. நகல் எடுத்த தாள்கள் ஆசிரியர் மேசைக்கு அடியில், பைக்குள்ளேயே கிடந்தன.

“இன்னொரு தடவை போடறேன்” என்றாள் அத்தை.

இன்னொரு தடவை போட்டாலும் இதேதான் நடக்கும். கையை உயர்த்தலாமா? எழுந்து ‘புரியல’ என்று சொன்னால் அப்பாவின் முதுகு என்னவாகும்? சொல்லாவிட்டால் அத்தை என்னவாவாள்?

பட்டாணி எழுந்து நின்றாள்.

“எனக்குப் புரியல டீச்சர்.”

வகுப்பு மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அத்தைக்கும் கண் விரிந்தது.

“நிஜமாவே புரியல. நேத்து வீட்டுல படத்தைப் பாத்துக்கிட்டே கேட்டேனா, அப்ப நல்லாப் புரிஞ்சுது அத்தை!”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“அத்தையா?” என்றான் ஒட்டடைக்குச்சி. பெஞ்சு பெஞ்சாகச் சிரிப்புப் பரவியது. ஆனால் அத்தை குனிந்து பையைத் திறந்துவிட்டாள்.

“தப்பு என்மேலதான். எதைப் பாத்துக் கேக்கணும்னு நான் சொல்லவே இல்ல. வேற யாருக்கெல்லாம் புரியல?”

ஒட்டடைக்குச்சியின் கை எழுந்தது. அப்புறம் எல்லாக் கைகளும் எழுந்தன.

தாள்கள் கைமாறி வந்தன. பேராசிரியையும் கை நீட்டினார். “எனக்கும் ஒண்ணு குடும்மா. நானும் பாலத்துலேயேதான் நிக்கறேன்.”

குரல் மறுபடியும் பேசியது. பென்சில்கள் வங்கியைத் தாண்டின, பாலத்தில் ஏறின, இறங்கின. ஒட்டடைக்குச்சியின் கோடு மட்டும் ஆற்றுக்குள் இறங்கியது.

“நீச்சல் தெரியும் டீச்சர், குறுக்கு வழியில வந்துட்டேன்” என்றான்.

அத்தை சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

மணி அடித்ததும் பேராசிரியை அவளிடம் வந்தார். “அடுத்த தடவை படத்தை முதல்ல குடுங்க, டீச்சர்.”

அவர் ‘டீச்சர்’ என்று கூப்பிட்டதை அத்தை வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தாள்.

வீட்டில் அப்பாவின் காதுக்கு மற்றச் செய்தியும் போய்ச் சேர்ந்திருந்தது.

“எழுந்து நின்னு புரியலன்னு சொன்னியாமே?” முதுகு விறைப்பாக இருந்தது.

“அவ சொல்லலன்னா நான் தேறியிருக்க மாட்டேன் அண்ணா” என்றாள் அத்தை.

“ஒரு வழி சொல்றான், அதுல புரியாம போக என்ன இருக்கு? நான் தபால் அலுவலகத்துல வேலை பாக்கறவன். எனக்குத் தெரியாத தெருவா? எங்க, போடு கேப்போம்.”

அத்தை பொத்தானை அழுத்தினாள். அப்பா கைகட்டி நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார். வங்கி வந்தது. பாலம் வந்தது. அவருடைய தலை மெதுவாக இடமும் வலமும் ஆடியது.

குரல் நின்றது.

அப்பா தொண்டையைச் செருமினார். காலரைச் சரிசெய்தார். வாசற்கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

“புரியல” என்றார்.

பட்டாணி உருண்டோடிப் போய்த் தெருப்படத்தைக் கொண்டுவந்து அவர் மடியில் விரித்தாள்.