நிமிர்ந்த வளைவு

மதியம் மூன்று மணிக்கே தெருவிளக்கு எரிந்தது.

மலையில் மழைக்காலம் அப்படித்தான். மூட்டம் இறங்கிவிட்டால் பகலுக்கு மரியாதை இல்லை. தம்பி காரை வாசலை ஒட்டி நிறுத்தினான். அவள் பூட்டைத் திறந்தாள். கதவு ஈரத்தில் உப்பியிருந்தது. தம்பி தோளால் இடித்தான்.

"வீடும் உன்ன மாதிரிதான்க்கா. ஒரு தடவ சாத்திக்கிட்டா அவ்ளோதான்."

அவள் சிரிக்கவில்லை.

கணவர் இறந்தபின் அவள் இந்த வீட்டில் தங்கவில்லை. கீழே, சமவெளியில், அப்பா வீட்டில் இருக்கிறாள். இன்று வந்தது காலி செய்ய. பாத்திரங்கள், துணிகள், கட்டில். கடைசியாக அந்த அறை.

"அந்த ரூம நான் பாத்துக்கறேன்" என்றான் தம்பி. "நீ உள்ள போகாத. உனக்குக் கஷ்டமா இருக்கும்."

"கஷ்டம் இல்ல. கோபந்தான்."

அது உண்மை.

கணவர் மலைமேல் ஊருக்குள்ளேயே சுற்றும் பள்ளிப் பேருந்து ஓட்டியவர்; கீழே இறங்குவது அபூர்வம். பிள்ளைகளுக்கு அவர் பஸ் மாமா. வேகம் காட்டும் முள் முப்பதைத் தாண்டாது. தெருவில் நாய் படுத்திருந்தால் அது எழுந்து, உடம்பை உதறி, யோசித்து, போகும்வரை நிற்பார். பின்னால் ஹாரன் அடிப்பவனிடம் தலையை நீட்டி, "அவ்ளோ அவசரம்னா நேத்தே கெளம்பியிருக்கணும் தம்பி" என்பார்.

மாலையில் அந்த அறைக்குள் போய்விடுவார். அங்கே பந்தயக் காரின் இருக்கை ஒன்று. கையை எதிர்த்து முறுக்கும் ஸ்டியரிங். மூன்று பெடல்கள். வளைந்த பெரிய திரை. எல்லாம் தம்பி கொண்டுவந்து பூட்டியது. தம்பிக்கு அதுதான் தொழில். கார் பந்தய ஆட்டங்களுக்குச் சாலை செய்பவன். நிஜச் சாலையை அளந்து, படமெடுத்து, ஒரு பள்ளம்கூட விடாமல் கணினிக்குள் போடுவான். மலையிலிருந்து கீழே இறங்கும் சாலையையும் அப்படிச் செய்து மாமாவுக்குக் கொடுத்தான்.

"ரோடு நனைஞ்சா ஸ்டியரிங் லேசாகுது. டயர் சூடாகுறது கையில தெரியுது" என்று அவர் சமையலறைக்கு வந்து சொல்வார். முகம் சிவந்திருக்கும். "பஸ்ல என் முதுகுக்குப் பின்னாடி அத்தன உசுரு. இங்க யாருமில்ல. தப்புப் பண்ணா முதல்லேருந்து ஓட்டலாம். நிஜத்துல எவன் குடுப்பான் அப்படி?"

ஒருவர் ஓட்டியதிலேயே வேகமான ஓட்டத்தை ஆட்டம் நினைவில் வைத்துக்கொள்ளும். அடுத்த முறை அது கண்ணாடிபோன்ற ஒரு காராக முன்னால் ஓடும். ஆடுகிறவர்கள் அதைப் பேய் என்பார்கள்.

"இன்னிக்கு என் பேயையே முந்திட்டேன்."

"பேய் சாப்பிட வருதா, இல்லையா?"

அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு ஒரு நாள் அவரும் தம்பியும் காரில் கீழே இறங்கினார்கள். கடும் மூட்டம். மதகைத் தாண்டிய வளைவில் கார் திரும்பவில்லை. நேராகப் போய் மரத்தில் மோதியது. அவர் அங்கேயே போய்விட்டார். தம்பிக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது.

"மெதுவாப் போங்க மாமான்னு கத்தினேன்க்கா" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் தம்பி அழுதான். "கேக்கல. ஆட்டத்துல ஓட்டுற மாதிரியே ஓட்டினாரு."

விளையாட்டு வினையாகிவிட்டது என்று ஊர் சொன்னது. பள்ளி வாசலில் ஒரு தாய் இன்னொருத்தியிடம், "நல்லவேளை, பஸ்ல பிள்ளைங்க இல்ல" என்றாள். அது இவள் காதில் விழுந்தது.

அன்றோடு அவள் அழுவதை நிறுத்தினாள். தனக்குக் காட்டியது ஒரு முகம், அந்த இருக்கைக்குக் காட்டியது இன்னொரு முகம் என்று நினைத்தாள். அவர் செத்ததைவிட அதுதான் வலித்தது.

கட்டிலைக் கழற்றியாயிற்று. கயிறு போதவில்லை.

"கடைக்குப் போய் வாங்கிட்டு வர்றேன்" என்றான் தம்பி. வாசலில் நின்று திரும்பினான். "அந்த மெஷின மட்டும் தொடாதக்கா. நான் எடுத்துட்டுப் போய் உள்ள இருக்குறதெல்லாம் அழிச்சிடறேன்."

அவன் காலடி தெருவில் தேய்ந்தது.

அவள் அந்த அறையைத் திறந்தாள். பூட்டிக் கிடந்த அறையின் வாடை. அதற்கு அடியில் ரப்பர் வாடை. ஜன்னலுக்கு வெளியே வெள்ளையாக ஒன்றுமில்லாமல் இருந்தது. சுவரைத் தடவி விளக்கைப் போட்டாள்.

விளக்கு எரியவில்லை.

எங்கோ ஒரு விசிறி சுழலத் தொடங்கியது. கணினியில் பச்சைப் புள்ளி ஒன்று தெரிந்தது. அரை இருட்டில் ஸ்டியரிங் தானாக இடது பக்கம் முழுக்கச் சுற்றியது. வலது பக்கம் முழுக்கச் சுற்றியது. நடுவில் வந்து நின்றது.

அவள் மூச்சு விட்டாள். அது அவளுக்குத் தெரிந்ததுதான். கரண்ட் வந்தால் அப்படிச் சுற்றும். "சோம்பல் முறிக்குது" என்பார் அவர்.

திரை வெளுத்தது. மலைச்சாலை. அங்கேயும் மூட்டம்.

அவள் இருக்கையில் உட்கார்ந்தாள். அவர் உயரத்துக்கு வைத்த இருக்கை. பெடல் தனக்கு எட்டாது என்று நினைத்தாள்.

எட்டியது.

லேசாக மிதித்தாள். சாலை நகர்ந்தது. இருக்கை அடியில் அதிர்ந்தது. உடைந்த மைல்கல் வந்தது. கடையின் தகரக் கூரை வந்தது. கைப்பிடிச் சுவரில் சுண்ணாம்பு உரிந்த இடம்கூட அப்படியே இருந்தது. ஒரு பள்ளத்தில் ஏறி இறங்கியபோது அவள் முழங்கை அதை உணர்ந்தது. இன்னும் கொஞ்சம் மிதித்தாள். மரங்கள் இரண்டு பக்கமும் பின்னால் பறந்தன. நாள் முழுக்க முப்பதில் போகிற ஒரு மனிதர் ஏன் இங்கே வந்து உட்கார்ந்தார் என்று முதல்முறையாகப் புரிந்தது. புரிந்தது அவளுக்குப் பிடிக்கவில்லை.

முன்னால் மூட்டத்துக்குள் ஒரு கார் இருந்தது.

கண்ணாடிபோல. அதன் வழியாகச் சாலை தெரிந்தது.

அவருடைய பேய்.

அது அவருடைய மிக வேகமான ஓட்டம். ஒரு நொடியில் மறைந்திருக்க வேண்டும். மறையவில்லை. மெதுவாகப் போனது. அவள் வேகம் குறைத்தால் அதுவும் குறைத்தது. அவள் நின்றால் நின்றது. பின்னால் வருகிறவர்களுக்காகக் காத்திருப்பதுபோல.

பதிந்து வைத்த ஓட்டம் காத்திருக்காது.

"என்னங்க" என்றாள்.

மதகு வந்தது. அதைத் தாண்டிச் சாலை அகலமாக, நேராக, அழகாக நீண்டது. பேய் பிரேக் போட்டது. வலது பக்க விளக்கு கண் சிமிட்டியது. பந்தயத்தில் யாரும் அந்த விளக்கைப் போடுவதில்லை. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர்தான் போடுவார்.

அது வலது பக்கம் திரும்பியது.

அங்கே சாலை இல்லை. மரங்கள் இருந்தன. கார் மரங்களுக்குள் புகுந்து, இல்லாத ஒரு வளைவில் ஒழுங்காக வளைந்தது. பாதி வளைவில் இன்னும் மடங்கியது. பிறகு நின்றது. இலைகளுக்கு நடுவில் இரண்டு சிவப்பு விளக்குகள்.

அவள் கையில் ஸ்டியரிங் வலது பக்கம் திரும்பத் தொடங்கியது. அவள் இடது பக்கம் இழுத்தாள். வரவில்லை. அதன் தோல் உறை சூடாக இருந்தது, யாரோ இப்போதுதான் பிடித்திருந்ததுபோல. அறையில் பிரேக் கருகும் வாடை.

அப்போது அவளுக்கு நினைவு வந்தது. இன்று மேலே ஏறும்போது மதகுக்கு முன்னால் கார் மடங்கித் திரும்பியது. அவள் தம்பி மேல் சாய்ந்தாள். வளைவு அங்கேதான் இருக்கிறது.

திரையில் இல்லை.

"யாரு போட்டது?"

தம்பி கதவருகில் நின்றான். கையில் கயிறு. தலையில் தூறல்.

"தானாப் போட்டுக்கிச்சு. இங்க வளைவு எங்கடா?"

அவன் திரையைப் பார்த்தான். மரங்களுக்குள் எரிந்த விளக்குகளைப் பார்த்தான். கயிறு கீழே விழுந்தது.

"எங்கடா?"

"லேசா நிமித்தினேன்." குரல் தாழ்ந்திருந்தது. "அந்த வளைவு நடுவுல மறுபடி மடங்கும்க்கா. எத்தன தடவ அளந்தாலும் சரியா வரல. வேகமும் செத்துப்போகுது. ஆட்டந்தானேன்னு நிமித்திட்டேன்."

"அவருக்குத் தெரியுமா?"

"கேட்டாரு. என்ன மாப்ள, இங்க மடங்குமேன்னு."

"நீ என்ன சொன்ன?"

விசிறி சுழன்றது.

"கவர்மெண்ட்லயே ரோட்ட நிமித்திட்டாங்க மாமா, இப்பதான் வேலை முடிஞ்சுதுன்னு சொன்னேன். அங்குலம் பிசகலன்னு எல்லார்கிட்டயும் பெருமையடிச்சிருந்தேன்க்கா. அவர்கிட்டப் போய் எப்படி…"

அவள் இருக்கையிலிருந்து எழவில்லை. ஸ்டியரிங்கிலிருந்து கையையும் எடுக்கவில்லை.

"அன்னிக்கு மூட்டம்" என்றாள். "அவருக்கு ரோடு தெரிஞ்சிருக்காது. வழி யாரு சொன்னது?"

ஒவ்வொரு மாலையும் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் கேட்டிருக்கிறாள். தம்பி வந்தால் இருக்கைக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொள்வான். மாமா ஓட்டுவார். மாப்பிள்ளை வழி சொல்வான். "இடது, கொஞ்சம். வலது, நல்லா. விடு!" விடு என்றால் வண்டியை விடு. முன்னால் நேர்ச்சாலை, பெடலை அடிவரை மிதி. "விடு மாமா, விடு!" என்ஜின் அலறும். அலமாரியில் பாத்திரங்கள் நடுங்கும்.

"நான்தான் சொன்னேன்" என்றான் தம்பி.

"மதகு தாண்டி என்ன சொன்ன?"

"அக்கா…"

"என்ன சொன்னடா?"

"விடுன்னேன்."

சொன்ன வேகத்திலேயே நிமிர்ந்தான். "கால விடுங்கன்னுதான்க்கா அர்த்தம். மெதுவாப் போங்கன்னு. அவரு வண்டிய விடுன்னு எடுத்துக்கிட்டாரு. நான் பொய் சொல்லல."

அவள் அவனைப் பார்த்தாள். சின்ன வயதில் இவன் உடைத்ததற்கெல்லாம் அவள் அடி வாங்கியிருக்கிறாள். அப்போதும் இதே முகம்தான்.

"இந்தச் செவுத்துக்கு அந்தப் பக்கம் நின்னு தினமும் கேட்ட வார்த்தடா அது" என்றாள். "ஒரு நாளாவது அதுக்குக் கால எடுன்னு அர்த்தம் இருந்துச்சா?"

அவன் கீழே கிடந்த கயிற்றைப் பார்த்தான்.

"ஸ்கூல் வாசல்ல அவரப் பத்தி என்ன பேசினாங்கன்னு தெரியுமா உனக்கு? நானும் சேர்ந்துதான்டா திட்டினேன். நீ சொன்னத நம்பி, செத்தவரத் திட்டினேன்."

தம்பி குனிந்து சுவரிலிருந்து வயரைப் பிடுங்கினான். விசிறி நின்றது. திரை கறுத்தது. சாலை போயிற்று, மரங்கள் போயின.

இரண்டு சிவப்புப் புள்ளிகள் போகவில்லை.

"கண்ணுல தங்கிட்ட வெளிச்சம்" என்று தம்பி கிசுகிசுத்தான். கண்ணைக் கசக்கினான். மறுபடி பார்த்தான். வயரைக் கையில் பிடித்தபடியே பின்னால் நகர்ந்தான்.

"வாக்கா. போயிடலாம்."

"நீ போ."

"தனியா எப்படி வருவ?"

"காலைல பஸ்ல வருவேன்."

"அப்பாகிட்ட…"

"சொல்லுவேன். ஸ்கூல் வாசல்லயும் சொல்லுவேன்."

அவன் வயரைக் கீழே போட்டான். அவள் திரும்பவில்லை. கதவு இடிபட்டுச் சாத்திக்கொண்டது. கார் கிளம்பியது. அதன் சத்தம் தெருமுனை வரை கேட்டது. பிறகு மூட்டம் அதை விழுங்கியது.

அறை குளிர்ந்தது. அவள் கறுத்த திரையின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. என்ன சொல்வதென்று தெரியவில்லை. மன்னிப்பு என்ற சொல் அவர்கள் வீட்டில் புழங்கியதே இல்லை.

"சாப்பிட்டீங்களா?" என்றாள்.

சிவப்புப் புள்ளிகள் அணைந்தன.

பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் அப்படித்தான் அணையும்.

அவள் கையில் ஸ்டியரிங் லேசாக அசைந்தது. வயர் சுவரில் இல்லை. அது இடது பக்கம் கொஞ்சம் திரும்பியது. நேரானது. வலது பக்கம் நன்றாகத் திரும்பியது. நேரானது. யாரோ எங்கோ நிதானமாக மலை இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

அவள் கையை எடுத்துக்கொண்டாள். அது நிற்கவில்லை.

செல்போன் அடித்தது. தம்பி.

வைப்பர் தேய்க்கும் சத்தம். அவன் மூச்சு. பின்னால் எங்கோ லாரியின் கனத்த உறுமல்.

"அக்கா." தொண்டைக்குள்ளேயே பேசினான். "வெளிய ஒண்ணுமே தெரியல. லாரி ஒண்ணு ஒட்டிக்கிட்டே வருது. நிறுத்த முடியல."

அவள் போனைக் காதோடு அழுத்தினாள்.

"பக்கத்து சீட்ல மாமா உக்காந்திருக்காரு."

ஸ்டியரிங் நேராக வந்து நின்றது.

"திரும்பிப் பாக்கல நான். வழி சொல்லிக்கிட்டே வர்றாரு. இதுவரைக்கும் எல்லாம் சரியாத்தான்க்கா சொன்னாரு." வைப்பர் ஒருமுறை தேய்த்தது. "இப்ப மதகு தாண்டிட்டேன். வளைவு கண்ணுலயே படல. விடுங்கறாரு."

அவள் வாயைத் திறந்தாள்.

"அக்கா, உனக்குத்தான் தெரியும். சீக்கிரம் சொல்லு. எந்த விடு?"