திருப்பி அனுப்பிய டோலி

“அவ மலை ஏற வேண்டாம். அடிவாரத்தோட நிக்கட்டும்.”

விடிந்ததும் விடியாததுமாகத் தையல்காரர் தன் தாயிடம் சொன்னார், மனைவியின் காதில் விழும்படியாகவே.

மூன்று வருஷமாக இந்த லட்சணம்தான். ஒரே வீடு, ஒரே மெஷின் சத்தம், பேச்சு மட்டும் கிடையாது. காஜா எடுக்க வேண்டிய சட்டைகளை மேசையில் போட்டு, என்றைக்கு வேண்டுமென்று சாக்கட்டியால் எழுதிவிட்டுப் போவார். அவளும் மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுப்பாள். அப்படி என்ன குற்றம்? மலைக்கோயிலுக்குப் போன அன்று மாமனாரைத் தூக்கிப்போகப் பேசிவைத்த டோலியைத் திருப்பி அனுப்பிவிட்டாளாம். நெஞ்சுவலிக்காரர் பாதிப் படியில் சுருண்டு விழுந்து போய்ச் சேர்ந்துவிட்டார். யார் அனுப்பியது என்று, பின்னால் வந்து சேர்ந்த கணவர் கத்தியபோது, “நான்தான்” என்று அவளே சொன்னாள். அப்புறம் எதற்கு விசாரணை!

இப்போது மாமியாருக்கு மூட்டு விட்டுப்போயிற்று. கண்மூடுவதற்குள் ஒருமுறை சாமியைப் பார்க்க வேண்டுமென்று ஒரே அடம். தூக்கி உட்காரவைக்க மருமகள் இல்லாமல் முடியாது. அதனால்தான் அவளையும் கூட்டிப் போனார்.

அடிவாரத்தில் டோலிக்காரர் மாமியாரை உற்றுப் பார்த்தார்.

“அம்மா, நீங்களா? நடந்து ஏறினாத்தான் வேண்டுதல் பலிக்கும்னு அன்னைக்கு ஐயாவை இறக்கிட்டீங்களே... இவங்க வேண்டாம் வேண்டாம்னு எவ்வளவு கெஞ்சினாங்க! ஐயா சௌக்கியமா?”

தையல்காரருக்கு முகத்தில் ஈயாடவில்லை. மாமியார் தலையில் அடித்துக்கொண்டாள்.

“நான்தான்டா பாவி! நீ கத்தினப்ப எனக்கு நாக்கே எழும்பல... என் மூஞ்சியப் பார்த்துட்டு இவ பழியை வாங்கிக்கிட்டா. அப்புறம் சொல்றதுக்குத் தைரியம் வரல.”

மருமகளின் இடுப்பைக் கட்டிக்கொண்டு கேவினாள். அவளும் அழுதாள். அணைத்துத் தேற்றி, டோலியில் உட்காரவைத்து, சேலையைச் சரிசெய்துவிட்டாள்.

தையல்காரர் தயங்கித் தயங்கி அருகில் வந்தார். “மன்னிச்சிடு... வா, சேர்ந்தே ஏறலாம்.”

“அத்தை புருஷனைப் பறிகொடுத்தவங்க. பயந்துபோய் வாயை மூடிக்கிட்டாங்க, எனக்குப் புரியுது. நீங்க மூணு வருஷத்துல ஒரே ஒரு நாள், ‘ஏன் அனுப்பினே’ன்னு கேட்டிருந்தா... உங்க மடியில விழுந்து அழுதிருப்பேனே.”

அவள் டோலியைக் காட்டினாள்.

“அத்தை கையைப் பிடிச்சுக்கிட்டே போங்க. படி செங்குத்தா இருக்கும், பயப்படுவாங்க.”

டோலி மேலே நகர்ந்தது. அவளுடைய அண்ணன் ஊருக்குப் போகும் பஸ் எதிரில் நின்றிருந்தது. அவள் ஏறி உட்கார்ந்தாள். அவர் இரண்டடி பஸ்ஸை நோக்கி வந்தார். மேலேயிருந்து தாய் கூப்பிடவே, திரும்பிப் படியேறினார்.