ஒன்பது வயதுக் குரல்

இணைப்புக் கம்பி இன்னும் தோகோசிலேயின் கையில்தான் இருந்தது. ஆனால் இரண்டாவது பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மைக்கின் ஒலியைக் கணினிக்குக் கொண்டுபோகும் ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டிகள் இரண்டைச் சேர்த்துப் பதிவு செய்யும்போது ஒன்று நொடியைக் கூறு போட்டு எண்ணிக் கொடுக்க வேண்டும், மற்றது அந்த எண்ணிக்கையைக் கேட்டு நடக்க வேண்டும். இல்லையென்றால் பாட்டு நெடுகச் சோளம் பொரிகிற சத்தம் வந்து தொலைக்கும். எண்ணிக்கை வெளியிலிருந்து கிடைத்துவிட்டது என்பதற்குத்தான் அந்தப் பச்சை. சொந்தப் பெட்டியில் இரண்டு மைக்குக்கு மேல் சொருக முடியாது என்று காலையில் இரவல் வாங்கி வந்த பெட்டி அது. கம்பியே சொருகவில்லை. பிறகு யார் எண்ணுவதைக் கேட்கிறது?

"இரவல் சாமானுக்குப் புத்தி அவ்வளவுதான்," என்று முணுமுணுத்துக்கொண்டாள்.

புலவாயோ ஊருக்கு ஜூன்தான் குளிர்காலம்; அந்தக் குளிர் நடுப்பகலிலும் ஒலிப்பதிவுக் கூடமாக்கிய கராஜின் தகரக் கதவுக்கு அடியில் புகுந்து வந்தது. சுவரெல்லாம் ஆணியடித்த பழைய கம்பளிகள்; அவற்றின் புழுதி வாசனையோடு சூடேறிய மின்பெட்டிகளின் வாசனையும் கலந்து மூக்கை அடைத்தது. மூன்று மணிக்குக் கரண்ட் போய்விடும். போன் அடித்தது. சர்ச் பாடகர் குழுவின் தலைவன் ம்பூசோ.

"தென்ஜி அம்மா, பன்னெண்டு பேரும் வேன்ல ஏறியாச்சு. இன்னைக்காவது மிஷின் ரெடியா, இல்ல போன வாரம் மாதிரி டீயக் குடுத்து அனுப்பப் போறீங்களா?"

"வாப்பா, வா. உனக்கு வாய் மட்டும் கொறையாது."

மகள் தென்ஜிவே போய் நான்கு வருடம். ஊர் இன்னும் தோகோசிலேயை மகள் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறது.  அப்படிக் கூப்பிட வேண்டாமென்று சொல்ல அவளுக்கு மனசு வராது. ஒன்பது வயதில் அந்தப் பிள்ளை பாடிப் பதிவான ஒரே பாட்டு, இரண்டரை நிமிடம். அதற்கு அடியில் பன்னிரண்டு குரல்களைச் சேர்ப்பதுதான் இன்றைய வேலை. அந்த இரண்டரை நிமிடத்தைத் தவிர மகள் என்று சொல்ல அவளிடம் வேறு எதுவும் மிச்சமில்லை.

சோதித்துப் பார்க்கப் பாட்டை ஓட விட்டாள். குரல் சற்றே தடித்திருந்தது.

ஒரு பெட்டி நொடியை நாற்பத்தெட்டாயிரம் கூறாகவும் மற்றது நாற்பத்து நாலாயிரத்து நூறாகவும் எண்ணினால் இப்படித்தான் ஆகும், குரல் கனத்து இழுபடும். அமைப்பைத் திறந்து பார்த்தாள். இரண்டிலும் நாற்பத்தெட்டாயிரம். பாட்டும் இழுபடவில்லை, அதே இரண்டரை நிமிடத்தில்தான் முடிந்திருந்தது. குரல் மட்டும் வளர்ந்திருந்தது.

பதின்மூன்று வயதுக் குரல். இருந்திருந்தால் தென்ஜிவேக்கு இந்த மார்ச்சில் பதின்மூன்று.

புத்தியுள்ளவர்கள் அந்த நிமிடமே பிளக்கைப் பிடுங்கியிருப்பார்கள். பெற்றவளுக்குப் புத்தி எங்கே இருக்கும்? ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு மறுபடி ஓட விட்டாள். இருபத்தைந்து வயதுப் பெண் பாடினாள். நடுவில் ஒரு சிரிப்பு. பதிவில் இல்லாத சிரிப்பு. என் தங்கமே, எவ்வளவு பெரிய மனுஷியாகிவிட்டாய் என்று தோகோசிலே கண்ணீர் வழியச் சிரித்தாள். மறுபடியும். இப்போது ஐம்பது இருக்கும், பெற்றவளைவிட மூத்த குரல்.

யாரிடமும் சொல்லாத ஒன்று அவளுக்குள் கிடந்தது. பதிவு செய்த அன்று பிள்ளைக்குக் காய்ச்சல். "முடியலம்மா" என்றாள். "ஒரே ஒரு தடவை, கண்ணு" என்று சொல்லிச் சொல்லி ஆறு தடவை பாட வைத்தாள். மூன்றாம் நாள் எல்லாம் முடிந்துபோனது. மன்னித்தேன் என்று அந்தக் குரல் ஒரு வார்த்தை சொல்லிவிடாதா? மறுபடி அழுத்தினாள்.

கிழவியின் குரல். அடிக்கு அடி மூச்சு வாங்கியது. கடைசி வரியை எட்ட முடியாமல் நின்றுவிட்டது.

 இரண்டாவது பெட்டியைத் தன் எண்ணிக்கையைத் தானே எண்ணும்படி மாற்றினாள். பச்சை அணையவில்லை. பாட்டை நிறுத்தினாள். மூச்சு நிற்கவில்லை.

திரையில் ஒரு கோடு ஏறி இறங்கியது. பாட்டின் கோடு அல்ல. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் பாடும் அறையில் இருக்கும் மைக்கின் கோடு. அங்கே யாரும் இல்லை. கோடு ஏறியது. இறங்கியது.

பார்க்காதே. பார்த்தாள்.

கண்ணாடிக்கு அப்பால், மைக்குக்கு வெகு கீழே, ஒன்பது வயதுப் பிள்ளையின் உயரத்தில் முழுக்க நரைத்த ஒரு தலை. பள்ளிச் சீருடை. சீருடைக் கையிலிருந்து நீண்ட சுருங்கிய விரல்கள். எப்போது பாட வேண்டுமென்று கேட்கிற கண்கள் மட்டும் அவள் பெற்ற கண்கள்.

நான்தான். ஒவ்வொரு தடவை அழுத்தியபோதும் நான்தான் அவள் வயதைத் தின்றேன். இன்னும் ஒரு தடவைக்கு அதில் உயிர் இல்லை. கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். மாட்டேன். இனி மாட்டேன், கண்ணு. நீ நின்றால் போதும்.

தகரக் கதவு உருண்டு மேலே போனது.

"எவ்ளோ நேரமா தட்டுறேன், தென்ஜி அம்மா. இன்னும் அரை மணி நேரம்தான் கரண்டு." ம்பூசோ கைகளைத் தேய்த்துக்கொண்டு நேரே திரைக்கு முன்னால் வந்தான். கண்ணாடிப் பக்கம் திரும்பவே இல்லை. "புள்ள பாட்ட ஒரு தடவை போடுங்க, சுதி பாத்துக்கறேன். இதானே பட்டன்?"

தொடாதே.  அவன் கையைப் பிடிக்க எழுந்தாள். ஹெட்போன் கம்பி பின்னுக்கு இழுத்தது.

அவன் அழுத்தினான்.

கண்ணாடிக்குப் பின்னால் அந்தச் சின்ன உருவம் நிமிர்ந்து நின்றது, அம்மாவையே பார்த்துக்கொண்டு, பல் ஒன்றும் மிஞ்சாத வாயைக் கீழ்ப்படிதலோடு திறந்தது.