இலவச நோட்டீஸைத் திருடியவர்

19 ஆகஸ்ட் 2006, சனிக்கிழமை. காலை 6.20.

தாம்பரம் கோர்ட்டுத் தெருவில் ஜோதிலட்சுமி தன் ஜெராக்ஸ் கடையின் ஷட்டரைத் தூக்கியதும் முதலில் மேஜையைத்தான் பார்த்தாள். முந்தின நாள் ராத்திரி அதன்மேல் அடுக்கிவைத்த நோட்டீஸ் கட்டைக் காணோம்.

மெஷின் இருந்தது. பிரிக்காத டோனர் டப்பா இருந்தது. கல்லாப்பெட்டியை யாரும் தொடவில்லை. ரோஸ் தாளில் அடித்த நோட்டீஸ்கள்கூட வாசல் பக்க ஜன்னல் ஓரமாக அப்படியே இருந்தன. வெள்ளைத் தாளில் அடித்த கட்டு மட்டும் போயிருந்தது.

தெருவில் சும்மா கொடுத்தாலே பாதிப் பேர் வாங்க மாட்டார்கள். அதையும் ஒருவன் திருடியிருக்கிறான்!

நோட்டீஸில் இருந்தது இதுதான்: ‘சூர்யாவை விடுதலை செய்! பொய் வழக்குப் போட்ட தனிப்படை மீது நடவடிக்கை எடு! ஆதரவுக் கூட்டம், சனிக்கிழமை மாலை 5 மணி, தாம்பரம் மார்க்கெட் முனை.’

சூர்யாவுக்கு இருபத்து மூன்று வயது. கடற்கரைக் குப்பத்துப் பையன். அம்மா அங்காளம்மாள் மேடவாக்கம் பிளாட்டுகளில் மீன் விற்பாள். மகன் மொபெட்டில் கூடையைக் கொண்டுவந்து இறக்குவான். போன வருஷம் ஜூனில் அங்கே ஒரு பிளாட்டில் கத்தியைக் காட்டிச் சங்கிலியைப் பறித்துக்கொண்டு ஒருவன் ஓடினான். மூன்று நாள் தேடியும் தனிப்படைக்கு ஆள் கிடைக்கவில்லை. மீன் கூடைக்காரன் கிடைத்தான். அவனே ஏரிக்கரையில் தோண்டிச் சங்கிலியை எடுத்துக் கொடுத்ததாக ஒரு மகஜர் எழுதினார்கள். பொருளைக் கைப்பற்றும்போது சாட்சிகளை வைத்து போலீஸ் எழுதும் தாள் அது. வழக்கே அந்த ஒற்றைத் தாளில்தான் நின்றது.

அதில் கையெழுத்துப் போட்ட இரண்டு சாட்சிகளில் ஒருவர் செத்துப்போனார். இன்னொருவர் பெயர் ராஜகோபால். பதினாலு மாதமாக அவருக்குப் போன சம்மன் எல்லாம் ‘முகவரியில் ஆள் இல்லை’ என்றே திரும்பி வந்தது. பதினோரு வாய்தா. சாட்சி வராததற்குச் சாட்சியை யாரும் உள்ளே வைக்கவில்லை; சூர்யாவை வைத்தார்கள். ஜாமீன் மனு இரண்டு தடவை தள்ளுபடி. போன வாய்தாவில் அவன் அம்மாவிடம், “இனிமே வராதம்மா, மீன் யாவாரத்தப் பாரு” என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினான். அங்காளம்மாள் அன்றைக்கு கோர்ட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

திங்கட்கிழமை பன்னிரண்டாவது வாய்தா.

காலை 7.05.

தகவல் கேட்டு இரண்டு பேர் ஓடி வந்தார்கள். ஆதரவுக் கமிட்டியைத் தொடங்கிய ஐசக், ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஹேமநாத், பீஸ் வாங்காமல் சூர்யாவுக்கு வாதாடும் இளம் வக்கீல்.

“போலீஸ்தாம்மா, வேற யாரு?” ஐசக் கத்தினார். “குப்புராஜ் ஏட்டு நேத்து சாயங்காலம் இங்கயே வந்து மொறச்சிட்டுப் போனான்ல!”

“அவருக்கு எந்த நோட்டீஸ் குடுத்தோம்?” என்று கேட்டாள் ஜோதிலட்சுமி.

“ரோஸ்தான்.”

“கூட்டத்தைக் கெடுக்க வந்தவர், கையில வாங்கிட்டுப் போன ரோஸையே விட்டுட்டுப் போவாரா சார்?”

ஐசக் ஜன்னல் ஓரத்து ரோஸ் கட்டைத் திரும்பிப் பார்த்தார்.

ஹேமநாத் ஷட்டரைப் பார்த்தான். “பூட்டை உடைக்கலையேக்கா?”

“வலது பக்கத் தாழ்ப்பாள் போய் மூணு மாசம் ஆச்சு. கொஞ்சம் நெம்பினா போதும். இந்தத் தெருவுக்கே தெரியும்.”

“இருட்டுல கைக்கு வந்ததை எடுத்துட்டு ஓடியிருப்பான்.”

“ரோஸ் கட்டு வாசல் பக்கம் இருந்துது தம்பி. வெள்ளை உள்ளே மேஜை மேல. பக்கத்துல இருந்ததை விட்டுட்டு உள்ளே போய் எடுத்திருக்கான்.”

ஜோதிலட்சுமிக்குப் பதினாறு வருஷமாக இதே வேலை. வழக்குக் கட்டுகளைத் தாள் தாளாகக் கண்ணாடிமேல் வைத்து எடுத்துப் பழகியவள். ஒரு தாள் தலைகீழாகப் போனால்கூட சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவாள். இரண்டு கட்டுக்கும் என்ன வித்தியாசம் என்பது மட்டும் அவளை அரித்தது. ஒரே வாசகம், ஒரே எழுத்து. ரோஸ் தாள் நூறும் காசு கொடுத்து வாங்கியது. அதற்குமேல் கமிட்டியிடம் காசில்லை. அதனால் மீதி இருநூறை, கடையில் ஆறு மாதமாகச் சேர்ந்த வீணாய்ப்போன காப்பிகளின் மறுபக்கத்தில் அடித்துக் கொடுத்தாள்.

காலை 8.10.

யோசிப்பதற்கு டீ வேண்டும். எதிரே நடைபாதையில் மாஸ்டரின் டீக்கடை. இருபது வருஷமாக வக்கீல், குமாஸ்தா, கைதி, காவலர் எல்லாருக்கும் அங்கேதான் டீ. எல்லாருக்கும் அவர் மாஸ்டர்தான். அங்காளம்மாளிடம் மட்டும் அவர் இதுவரை காசு வாங்கியதில்லை.

குப்புராஜ் ஏட்டு அங்கே கிளாஸோடு நின்றிருந்தார். தனிப்படைக்கு எழுத்து வேலையெல்லாம் அவர்தான்.

“இன்னா ஜெராக்ஸம்மா, நோட்டீஸு காணோமாமே? கம்ப்ளெய்ண்ட் குடு, தேடித் தர்றோம்.”

“ராஜகோபாலைத் தேடின மாதிரியா?”

“மூணு தபா நானே நேர்ல போனேன். ஆள் அட்ரஸ்லயே இல்ல. நான் இன்னா செய்யறது?” ஏட்டு கிளாஸை நீட்டினார். “மாஸ்டர், சக்கர கம்மி.”

மாஸ்டர் வாங்கிக் கலக்கிக் கொடுத்தார். டீ கொஞ்சம் தளும்பி ஏட்டின் விரலில் பட்டது.

“பாத்துய்யா!”

ஏட்டு போனபிறகு ஜோதிலட்சுமி கேட்டாள்: “ஐசக் சார், கடை சாத்தறதுக்கு முன்னாடி வெள்ளை நோட்டீஸ் எத்தனை வெளியே போச்சு?”

“சுவத்துல ஒட்ட நான் பன்னெண்டு எடுத்தேன். இங்க மாஸ்டருக்கு நீங்க ஒண்ணு குடுத்தீங்க. அவ்ளோதான். மத்ததெல்லாம் இன்னிக்குக் குடுக்க வச்சிருந்தது.”

“ஒட்டினது இருக்கா?”

“கோர்ட்டு காம்பவுண்டுல அப்படியே கீது.”

அவள் டீயை அப்படியே வைத்தாள். “மாஸ்டர், ஒரு சொம்பு வெந்நீர் குடுங்க.”

காலை 8.40.

கோர்ட்டுச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸ்மேல் அவள் வெந்நீரை ஊற்றினாள். ஐசக்குக்குத் திக்கென்றது. ராத்திரி முதுகு வலிக்க ஒட்டியவர் அவர்.

“ஜோதிம்மா! வெள்ளையில மிச்சமிருக்கறதே இதாம்மா!”

“முன்பக்கம் நமக்குத் தெரியும் சார். திருடினவனுக்கு வேண்டியது பின்பக்கம்.”

மைதாப் பசை இளகியது. ஓரத்தைப் பிடித்து மெதுவாக உரித்தாள். முதல் தாளின் பின்னால் ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம், கறுத்துப்போன காப்பி. இரண்டாவதில் ரேஷன் கார்டு. மூன்றாவது கிழிந்தது. நான்காவது முழுசாக வந்தது.

கைப்பற்றுதல் மகஜர்.

பார்த்ததும் ஞாபகம் வந்தது. மார்ச் மாதம் யாரோ ஒரு குமாஸ்தா நாலு காப்பி கேட்டார். பேச்சு சுவாரசியத்தில் ஜோதிலட்சுமி நாற்பது என்று அழுத்திவிட்டாள். மீதி முப்பத்தாறும் வீண்.

ஹேமநாத் ஈரத் தாளை வாங்கிச் சத்தமாகப் படித்தான். “இருபத்திரண்டு, ஆறு, ரெண்டாயிரத்தஞ்சு. காலை பத்தே முக்கால். திருநீர்மலை அடிவாரத்தில் திருட்டு மோட்டார் சைக்கிள் கைப்பற்றப்பட்டது. சாட்சி...” அவன் தாளைக் கண்ணருகே கொண்டுபோனான். “சாட்சி, ராஜகோபால்.”

பையிலிருந்து சூர்யாவின் கட்டை எடுத்துப் பிரித்தான். அதிலிருந்த மகஜரில் விரல் வைத்துப் பார்த்தான். மேடவாக்கம் ஏரிக்கரை. அதே இருபத்திரண்டாம் தேதி. காலை பத்தரை. கீழே அதே கையெழுத்து, கடைசி எழுத்தை வளைத்துக் கோடிழுத்த அதே வால்.

“பத்தரைக்கு மேடவாக்கம், பத்தே முக்காலுக்கு திருநீர்மலை! பஸ்ல முக்கால் மணி நேரம் ஆகும்க்கா. ஆள் என்ன பறந்தா போனாரு?”

“ரெண்டு எடத்துக்கும் போகல. அன்னிக்கு புதன்கிழமை, கோர்ட்டு நாள். பத்தரை மணிக்கு அவரு இங்க டீ ஆத்திட்டு இருந்தாரு.” அவள் சொம்போடு டீக்கடைக்குத் திரும்பி வந்தாள். குரலை உயர்த்தவில்லை. “ராஜகோபால் அண்ணா, வெந்நீர் போதும்.”

டீக்கடையில் அந்தப் பெயருக்குத் தலை நிமிர்ந்தது ஒருவர்தான். மாஸ்டர்.

காலை 8.55.

“நோட்டீஸைத் திருடினவருக்கு அதோட பின்பக்கம் என்னன்னு தெரிஞ்சிருக்கணும்,” என்றாள் ஜோதிலட்சுமி. “ஏட்டுக்குக் குடுத்தது ரோஸ், பின்னால வெறும் தாள். ஐசக் சார் பசை தடவிச் சுவத்துல ஒட்டிட்டாரு. அவரே திருடவும் வேண்டியதில்லை, கேட்டா நானே குடுப்பேன். வெள்ளைத் தாளை வீட்டுக்குக் கொண்டுபோய்த் திருப்பிப் பார்த்தது நீங்க ஒருத்தர்தான் மாஸ்டர். உங்க கையெழுத்தே உங்களைப் பார்த்துச்சு. இன்னும் எத்தனை தாள்ல இருக்குமோன்னு பயந்து, விடியறதுக்குள்ள வந்து மொத்தக் கட்டையும் அள்ளிட்டீங்க. சரியா?”

மாஸ்டர் பெஞ்சில் உட்கார்ந்தார். “பாய்லர்ல போட்டு எரிச்சிட்டேம்மா.”

“எத்தனை பேப்பர்ல கையெழுத்துப் போட்டீங்க?”

“வெத்துப் பேப்பரா எடுத்தாருவாரு ஏட்டு. டீ குடிச்சுகினே நீட்டுவாரு. போடலேன்னா மறுநாளே கடைய லாரில ஏத்திடுவாங்க. அது எந்தப் பையன் கேஸுன்னு அப்போ எனக்கு இன்னா தெரியும்? அந்தம்மா இங்க வந்து அழுதப்பதான் தெரிஞ்சிது. நீ கூண்டுல ஏறினா எல்லாக் கேஸும் புட்டுக்கும், வாயத் தொறக்காத, சம்மன் உன்னாண்ட வராதுன்னாரு ஏட்டு.”

ஹேமநாத்துக்கு முகம் சிவந்தது. “மகஜர்ல இருந்த அட்ரஸை நம்பி, உங்களைத் தேடி பீர்க்கன்கரணைல மூணு தெரு சுத்தினேன்யா! சுத்திட்டு வந்து உங்க கடையிலதான் டீ குடிச்சேன்! சம்மனை எடுத்துட்டுப் போனவனும் இங்கேயே குடிச்சான்!”

கோர்ட்டு வாசலிலிருந்து அந்த டீக்கடை ஐம்பது அடி. பதினாலு மாதமாக ஒரு அரசாங்கத்தால் கடக்க முடியாமல் போன ஐம்பது அடி. இதை நினைத்தால் யாருக்கும் வயிறு எரியும். எரியாவிட்டால் அவர் மனுஷரே இல்லை.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே,” என்றாள் ஜோதிலட்சுமி. “காசு வாங்காம டீ குடுத்தா சரியாப் போச்சா? அந்தப் பையன் உள்ளே கிடந்து சாகறான்யா!”

அப்போது அங்காளம்மாள் வந்துவிட்டாள். சூர்யாவின் விடுதலை மனுவுக்குக் குப்பத்தில் வாங்கிய கையெழுத்துத் தாள்கள் அவள் மீன் கூடையில் இருந்தன. யாரும் எதையும் மறைக்கவில்லை. ஹேமநாத் சொல்லச் சொல்ல, அவள் மாஸ்டரைப் பார்த்தபடியே கேட்டாள்.

மாஸ்டர் அவள் காலில் விழப்போனார்.

“வுழாத.” அவள் சட்டையைப் பிடித்துத் தூக்கினாள். “உன் டீயக் குடிச்சிட்டு, மவராசன்னு உன்ன எத்தினி தபா சொல்லிக்கீறேன். த்தூ! கால் எதுக்கு? வாயத் தொற. சாயங்காலம் மைக்காண்ட வந்து சொல்லு. திங்கக்கெழம அந்தக் கூண்டுல ஏறி சொல்லு. கடைய லாரில ஏத்துனாங்கன்னா முன்னால நான் படுக்கிறேன். ஆனா எம் புள்ள வூட்டுக்கு வரணும்.”

மாலை 5.40.

மார்க்கெட் முனையில் முந்நூறு பேர் கூடினார்கள். மாஸ்டர் மைக்கைப் பிடித்துத் தன் பெயரைச் சொன்னார். தொழிலைச் சொன்னார். பதினேழு தாளில் கையெழுத்துப் போட்டதைச் சொன்னார். கூட்டத்தின் ஓரத்தில் நின்ற குப்புராஜ் செல்போனை எடுத்துக்கொண்டு அவசரமாக நகர்ந்தார். விடுதலை மனுவில் கையெழுத்துப் போட வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். ஐசக்குக்குத் தாள் போதவில்லை.

21 ஆகஸ்ட், திங்கட்கிழமை. காலை 11.35.

ராஜகோபால் கூண்டில் ஏறி எல்லாவற்றையும் சொன்னார். நீதிபதி இரண்டு மகஜர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தனிப்படை அதிகாரி நேரில் வந்து விளக்கம் தர வேண்டும், சூர்யாவுக்கு ஜாமீன். எல்லாம் முடிய எடுத்துக்கொண்டது பத்து நிமிடம்.

ஹேமநாத் வராந்தாவுக்கு ஓடி வந்து சொன்னபோது அங்காளம்மாள் அழுவாள் என்று, கடையைச் சாத்திவிட்டு வந்திருந்த ஜோதிலட்சுமி உட்பட எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவள் கத்தினாள்.

“பத்து நிமிஷமா? பத்து நிமிஷ வேலைக்காடா எம் புள்ளைய பதினாலு மாசம் வச்சிருந்தீங்க?”

வராந்தா முழுக்க அது கேட்டது. வாசலில் நின்ற டவாலிச் சேவகன் “சைலன்ஸ்” என்றான். அவள் அவனைப் பார்த்த பார்வையில் அவன் உள்ளே போய்விட்டான்.

தூண் ஓரமாக, கைக்குழந்தையோடு ஒருத்தி தயங்கித் தயங்கி வந்தாள். சனிக்கிழமை மார்க்கெட்டில் காய் வாங்க வந்தவள், மாஸ்டர் பேசியதைக் கேட்டாளாம். பெயர் மஹாலட்சுமி. பெருங்களத்தூர். புருஷன் ஆட்டோ ஓட்டுபவன், எட்டு மாதமாக உள்ளே.

“எங்க கேஸு பேப்பர்லயும் ராஜகோபால்னு ஒரு பேரு கீதுக்கா,” என்றாள்.

ஜாமீன் கொடுக்க ஆள் கூட்டிவர ஐசக் அங்காளம்மாளைக் கூப்பிட்டார். அவள் போகவில்லை. குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“ஜோதிக்கா,” என்றாள், “கடையத் தொற. இந்தப் பொண்ணு பேப்பர ஜெராக்ஸ் எடு.”