கொஞ்சம் வேகமாக

கண்டக்டர் வேலைக்குப் போகிறேன் என்றதும் மாமியார், "எந்த ரூட்டும்மா?" என்று கேட்டார். பஸ்ஸில்லை, வாத்தியக் குழுவை நடத்துகிற வேலை என்று புரியவைப்பதற்குள் அவளுக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. இருந்த வேலையையும் விட்டாயிற்று. இன்றைய ஒத்திகையைப் பார்த்துவிட்டுத்தான் இது நிலைக்குமா இல்லையா என்று குழுவின் செயலாளர் சொல்வார்.

அரங்கத்துக்குள் நுழைந்ததும் மூக்கைப் பொத்திக்கொள்ளத் தோன்றியது. வெளியே பட்டப்பகல், உள்ளே, பல் தேய்க்காத வாயைத் திறந்து வைத்தாற்போல ஒரு வெதுவெதுப்பான நாற்றம். ஹார்ன் வாசிப்பவர்கள் குழாயில் சேர்ந்த எச்சிலைத் தரையில் வடித்துக்கொண்டிருந்தார்கள். அதுதான் போலிருக்கிறது என்று சகித்துக்கொண்டாள். மேடையேறி, காலி நாற்காலிகளுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

மைனர் ஸ்கேலில் ஒரு துக்க இசை. செல்லோக்கள் அடியில் முனக, மேலே ஒரே ஒரு ஓபோக் குழல் அழும். ஆனால் இவர்கள் வாசித்த வேகம் இருக்கிறதே, ஆமையே தேவலாம். சோகம் வேறு, சோம்பல் வேறு என்பது அவள் கட்சி.

"கொஞ்சம் வேகமா போலாம்."

முதல் வயலின்காரர் தலை நரைத்தவர். "வேணாம்மா," என்றார், குரலே எழும்பாமல். "இங்க இந்த வேகந்தான் பழக்கம்."

"பழக்கத்தை மாத்தத்தானே சார் என்னைக் கூப்பிட்டிருக்காங்க?"

கையிலிருந்த சிறு கோலை உயர்த்தி விரட்டினாள். குழு வேண்டாவெறுப்பாக ஈடுகொடுத்தது. நன்றாகத்தான் இருந்தது. பக்கவாட்டுக் கதவருகே செயலாளர் கண்ணை மூடி ரசித்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

ஆனால் வாசிப்பவர்கள் யாரும் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலே எதையோ பார்த்தார்கள்.

பிடரியில் சூடாக ஒரு காற்று பட்டது.

அதே நாற்றம்.

நின்றது. மறுபடி பட்டது. சளி கட்டிய நெஞ்சுபோல அதற்குள் ஒரு கரகரப்பு. அவள் கோல் அசைய அசைய, அந்த மூச்சும் கூடவே துரிதமாகிக்கொண்டு வந்தது.

"தூங்கிட்டிருந்துச்சும்மா," வயலின்காரர் உதடசையாமல் முணுமுணுத்தார். "மெதுவா வாசிச்சாத்தான் தூங்கும். முன்னாடியே சொன்னா யாரும் நம்புறதில்ல. திரும்பிப் பாக்காதீங்க."

கழுத்தில் ஏதோ சொட்டி, முதுகுத்தண்டு வழியே சட்டைக்குள் இறங்கியது. கோழை மாதிரி, கெட்டியாக. பயத்தைவிட அருவருப்புத்தான் முந்திக்கொண்டு வந்தது. காலையில் தின்றதெல்லாம் தொண்டைவரை ஏறியது. அதை அப்படியே விழுங்கினாள். குனிந்து வாந்தியெடுத்தால் தாளம் நின்றுவிடும்.

கையைத் தாழ்த்தி மெதுவாக்கினாள். இன்னும் மெதுவாக, அழுத பிள்ளையைத் தட்டித் தூங்கவைப்பவள்போல. மூச்சும் இறங்கியது. நீண்டது. ஓபோ கடைசி ஸ்வரத்தை இழையாக இழுத்து, விட்டது.

அமைதி.

"பிரமாதம்மா! வேலை உங்களுக்குத்தான்," என்றார் செயலாளர். "நடுவுல ஒரு வேகம் பிடிச்சீங்களே, முழுக்க அதையே வச்சுக்குங்க."

"வேணாம் சார்" என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள்.

அதற்குள் முதுகுக்குப் பின்னால் அந்த இசை தொடங்கிவிட்டது. வாத்தியம் எதுவும் இல்லை. எச்சில் நிறைந்த ஒரு வாய், அதே மைனர் ஸ்கேலில், சுருதி பிசகாமல் முனகியது.

அவள் பிடித்த வேகத்தில்.