பக்கத்து ஏணை

முதலில் வந்தது மணம். டீசல், அழுகிய வாழைப்பழம், ஈரத்துணி மூன்றும் கலந்த மணம். சுலக்சன் குசினிச் சிங்கைத் தேய்த்துக் கழுவினான், குப்பைப் பையைக் கட்டி வெளியே கொண்டுபோய்ப் போட்டான், பனி கொட்டும் அந்தப் பின்னேரத்தில் ஜன்னலைக்கூடத் திறந்துவைத்துப் பார்த்தான். போகவில்லை. இன்றைக்கென்று பார்த்து இப்படி மணக்கிறதே என்று எரிச்சலாக வந்தது.

நாளைக்கு மனைவி சுபாங்கியும் மகள் அட்சயாவும் வந்திறங்குகிறார்கள். அவன் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது வயிற்றில் இருந்த பிள்ளைக்கு இப்போது ஆறு வயது. போனில் பார்த்த முகம்தான், ஒருநாளும் தூக்கியதில்லை. இந்தப் பனிநாட்டுக்கு வந்து, சென் ஜேம்ஸ் ரவுணின் இந்த ஒற்றை அறையில் தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு, வேலைசெய்யும் பிறம்ரன் வேர்ஹவுசுக்கும் வீட்டுக்குமாக அலைந்ததெல்லாம் நாளைக்காகத்தான். மகளுக்கென்று வாங்கிய சின்னக் கட்டிலில் அவன் போர்வையை விரித்துக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது.

கிரீச்.

கயிறு முறுகும் சத்தம். இடதுகாதுக்குப் பக்கத்தில். ஹீற்றராக இருக்கும் என்று தனக்குச் சொன்னான். மேல்வீட்டுக்காரராக இருக்கும் என்றும் சொல்லிப் பார்த்தான். ஆனால் அது அவனுக்கு நன்றாகத் தெரிந்த சத்தம்.

ஆறு வருசத்துக்கு முன், கள்ளமாக இந்த நாட்டுக்கு வரும் வழியில், ஆள்கடத்தும் ஏஜென்சி ஆள் கொண்டுபோய் ஏற்றிய ஆற்றுப்படகின் சத்தம் அது. மூன்று தட்டு. குழந்தைக்குக் கட்டும் ஏணையைப் பெரியவர்களுக்குக் கட்டியதுபோலத் துணிப் படுக்கைகள் தோளோடு தோள் உரசித் தொங்கின. ஒருவர் புரண்டால் வரிசையே ஆடும். கோழி, வாழைக்குலை, அழுகிற பிள்ளைகள், இஞ்சின் புகை, இரண்டு கரையிலும் வானத்தை மறைத்த காடு. அத்தனை பயணிகளுக்குள் தமிழர் இரண்டே பேர்: அவனும், பக்கத்து ஏணையில் கிடந்த மட்டக்களப்பு வீரக்குட்டி அண்ணையும். வாய் திறந்து தமிழ் கதைக்கக் கூடாதென்று ஏஜென்சி ஆள் வெருட்டியிருந்தான். அதனால் இருட்டியதும் அண்ணை தன் ஏணையை மெல்ல ஆட்டி இவன் இடுப்பில் இடிப்பார். இவனும் திருப்பி இடிப்பான். இருக்கிறியா? இருக்கிறன். அவ்வளவுதான் பேச்சு. அந்த இடி இல்லாவிட்டால் அவனுக்கு விசர் பிடித்திருக்கும்.

பிறகு அண்ணைக்குக் காய்ச்சல் கண்டது. ஒரு விடியற்காலை ஏஜென்சி ஆள் சுலக்சனை மட்டும் தட்டியெழுப்பி இறங்கச் சொன்னான். நீலமும் மஞ்சளும் கோடுபோட்ட துணிக்குள் அண்ணை முகத்தை மூடிக் கிடந்தார். வெளியே நீட்டியிருந்த காலைத் தொட்டு, சுலக்சன் குனிந்து சொன்னான்:

“போட்டு வாறன் அண்ணை. நீங்களும் வந்து சேருங்கோ. என்ர வீட்டிலதான் நிக்கவேணும், என்ன?”

கால் குளிர்ந்திருந்தது. ஆற்றுக் குளிர் என்று நினைத்தான். கரையேறிய பிறகுதான் ஏஜென்சி ஆள் சொன்னான், பக்கத்தில் கிடந்தவர் இரவே முடிந்துபோனார் என்று.

செத்தவீட்டில் ‘போட்டு வாறன்’ என்று சொல்லிக்கொண்டு வெளிக்கிடக் கூடாது. பேசாமல் எழும்பி வந்துவிட வேண்டும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விசயம். இவனோ செத்தவருக்கே சொல்லிக்கொண்டு வந்தான். வீட்டுக்கு அழைத்தும்விட்டான்.

கிரீச்.

கட்டில் விளிம்பில் இருந்தவனின் இடுப்பில் ஏதோ மெல்ல இடித்தது. விலகியது. திரும்பவும் இடித்தது.

பக்கத்தில் ஒன்றுமில்லை. கார்ப்பெற்றில் மட்டும் ஈரம். சொட்டுச் சொட்டாக. முன்னும் பின்னும் ஆடி விழுந்த ஈரம்.

பயம் பிடித்தது. அந்தப் பயத்துக்கு அடியில் கொஞ்சம் ஆறுதலும் இருந்ததுதான் வெட்கக்கேடு. ஆறு வருசமாக அவனை யாரும் தொட்டதில்லை. உடம்பு தானாகவே திருப்பி இடிக்கப் பார்த்தது. கட்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

“அண்ணை, இஞ்ச வேண்டாம்,” என்றான். “என்ர பிள்ளை வந்துகொண்டிருக்கிறாள். நாளைக்கு இந்தக் கட்டில்லதான் படுப்பாள். பயந்துபோவாள். போங்கோ அண்ணை.”

சத்தம் நின்றது. மணமும் நின்றது. திறந்த ஜன்னலால் பனிக்காற்று மட்டும் வந்தது. சுலக்சன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். ஒரு சொல்லுக்கே போய்விட்டார். நல்ல மனுசன்.

போன் அடித்தது. வீடியோவில் சுபாங்கி, அவளுக்குப் பின்னால் விமானம் மாறக் காத்திருக்கும் சனம்.

“என்னப்பா, அழுதனீங்களே?”

“இல்லை, இல்லை. பிள்ளை எங்க?”

“நித்திரை. இப்பதான் திடீரெண்டு காய்ச்சல், மேல் சுடத் தொடங்கினது. நல்லகாலம், ஒரு அங்கிள் வந்து போர்த்து, ஆட்டி ஆட்டி நித்திரையாக்கினவர். மட்டக்களப்பாம். உங்கள நல்லாத் தெரியுமாம். வீட்டுக்கு வரச்சொல்லி நீங்கள்தான் கூப்பிட்டனீங்களாம்?”

சுலக்சன் போனை முகத்துக்குக் கிட்டப் பிடித்தான்.

“ஆள்... ஆள் எங்க?”

“இப்பதான் எழும்பிப் போனவர். இருங்கோ, பிள்ளையைக் காட்டுறன்.”

போன் திரும்பியது. நாற்காலி வரிசை. அதன்மேல் கோடுபோட்ட துணி. நீலம். மஞ்சள்.

துணிக்கு வெளியே அட்சயாவின் சின்னப் பாதங்கள். அவற்றோடு ஒட்டினாற்போல் இன்னொரு சோடி. பெரியவை. வெறுங்கால். ஈரம் சொட்டியது.

“பாத்தீங்களே? தனியாப் படுத்து எவ்வளவு நல்ல நித்திரை,” என்றாள் சுபாங்கி.

துணி ஆடியது. பெரிய கால் சின்னக் காலை மெல்ல இடித்தது.

சின்னக் கால் திருப்பி இடித்தது.