ஏழு பொருள் ரசப்பொடி

ஞாயிற்றுக்கிழமை காலை 11.10. திருமுல்லைவாயில் ஸ்டேஷனுக்குப் பக்கத்து மண்டபத்தின் மேடையில் எவாஞ்சலின் டீச்சர் ஒரு டம்ளர் ரசம் குடித்தாள். 11.16-க்கு உதடு வீங்கி, தொண்டையைப் பிடித்தபடி சரிந்தாள்.

நடுவில் இருந்த ஆறு நிமிஷமும் இளங்கோ பேசிக்கொண்டிருந்தார். மூன்று வருஷத்துக்கு முன்வரை பாடியில் ஏ.சி. விற்றவர். இப்போது 'ஆதிருசி' ரசப்பொடியின் நிறுவனர். விசிட்டிங் கார்டில் 'உணவுச் சிந்தனையாளர்'. டீச்சர் கீழே விழுந்த பிறகும் ஒரு வாக்கியம் பேசினார். தொடங்கிவிட்டாராம், முடிக்க வேண்டுமே.

மூன்றாவது வரிசையிலிருந்து முதலில் எழுந்து ஓடியவள் பூங்காவனம். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேபிள் அச்சடிக்கும் பிரஸ்ஸில் அவளுக்கு இருபத்தாறு வருஷ சர்வீஸ். மெஷினுக்குப் போகுமுன் லேபிளை எழுத்தெழுத்தாகச் சரிபார்ப்பவள். ஊரே தூக்கிப் போடுகிற உறையின் பொடி எழுத்தைப் படித்துச் சம்பளம் வாங்குகிறவள். ஆதிருசி உறையும் அவள் பார்த்ததுதான். அழைப்பிதழ் வந்தது அதனால்தான். அந்த உறையை இளங்கோ நான்கு முறை திருத்தினார்: மூன்று முறை தம் படத்தைப் பெரிதாக்க, ஒருமுறை இடம் போதவில்லையென்று ஒரு வரியைக் குறைக்க.

டீச்சரை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார்கள். அவளுக்குக் கோதுமை ஆகாது. துளி உள்ளே போனாலும் மூச்சு அடைத்துவிடும். பூசையில் கோதுமை அப்பமான நற்கருணையை வாங்கவே தயங்குகிறவள் இந்த ரசத்தைக் குடித்ததற்குக் காரணம் உண்டு. ஒரு மாதம் முன்பு இளங்கோ கொடுத்த சாம்பிள் பொட்டலத்தில் ரசம் வைத்துச் சாப்பிட்டிருந்தாள், ஒன்றும் ஆகவில்லை. நன்றி சொல்லி ஒரு மெசேஜ் அனுப்பினாள். அந்த மெசேஜைத்தான் அவர் 'மைதா இல்லாத ரசப்பொடி' என்று விளம்பர விழாவாக மாற்றிவிட்டார்.

11.50-க்கு எஸ்.ஐ. ஜெயராமன் வந்தார். 11.55-க்குள் இளங்கோ குற்றவாளியையும் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டார்.

"சமையற்கட்டைப் பாருங்கள் ஐயா! பூரிப் பொட்டலம்! கோதுமைக் கையால் என் ரசத்தைத் தீட்டுப்படுத்திவிட்டாள்!"

சமைத்தவள் வசந்தகுமாரி. ஐயப்பன்தாங்கலிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்தவள். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே நின்றாள்.

"பூரி யாருதும்மா?"

"என்துதான் சார். காத்தாலருந்து ஒண்ணும் துன்னல. கடையில வாங்கியாந்தேன்."

"அதே கையால ரசத்தைத் தொட்டியா?"

"அய்யய்ய, இன்னா சார் நீ! அப்ப ரசமே இங்க இல்ல சார்."

"ஸ்டேஷனுக்கு வா. எழுதி வாங்கிக்கிறேன்."

வசந்தகுமாரியின் குரல் இறங்கியது. "நாளிக்கு ஒரு லேடீஸ் ஹாஸ்டல்ல சமையலுக்குச் சேரணும் சார். விசம் வச்சவன்னு பேரு வந்துச்சின்னா எவன் சார் என்னை அடுப்பாண்ட உடுவான்?"

ஜெயராமன் கொட்டாவியை அடக்கிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் கறிக்குழம்பு காத்திருந்தது. கேஸ் சீக்கிரம் முடிவதில் அவருக்கு ஆட்சேபணை இல்லை.

"ஒரு அஞ்சு நிமிஷம் சார்," என்றாள் பூங்காவனம்.

"நீங்க யாரும்மா?"

"லேபிள் படிக்கிறவ."

அப்படி ஒரு உத்தியோகம் இருப்பது ஜெயராமனுக்குத் தெரியாது. தெரியாததை மறுக்கவும் வழியில்லை. தலையை ஆட்டினார்.

அவள் பூரிப் பையைக் குப்புறக் கவிழ்த்தாள். உள்ளே ஒட்டிக்கொண்டிருந்த பில்லை வெளிச்சத்தில் பிடித்தாள். மணி 10.25.

"இளங்கோ சார், ரசப் பாத்திரம் எப்ப மேடைக்குப் போச்சு?"

"சரியாக ஒன்பது ஐம்பதுக்கு. நல்ல நேரம் பார்த்து என் கையாலேயே ஏந்திச் சென்றேன். புகைப்படம்கூட உண்டு."

"அப்புறம் அது கீழ வரவே இல்ல?"

"மேடையில்தான் இருந்தது. என் பார்வையிலேயே."

ஜெயராமன் பில்லை வாங்கிப் பார்த்தார். ரசம் மேடைக்குப் போய் முப்பத்தைந்து நிமிஷம் கழித்துத்தான் பூரி கடையைவிட்டே கிளம்பியிருக்கிறது. அவருடைய கறிக்குழம்பு தள்ளிப்போயிற்று.

"அப்ப மாவு எங்கருந்து வந்துச்சு?"

பூங்காவனம் மேடைக்குப் போய்ப் பாத்திரத்தின் மூடியைத் திறந்தாள். வாசனையில் குறை சொல்ல முடியாது. மிளகு, சீரகம், பெருங்காயம், அடியில் புளி. முகர்ந்தவள் மறுபடி முகர்ந்தாள்.

"வசந்தா, இதுல நீ இன்னா இன்னா போட்ட?"

"புளி, தக்காளி, உப்பு, அவர் குட்த்த பொடி. அவ்ளோதான்கா."

"தாளிக்கலையா?"

"கடுகுகூட போட உடல. 'உன் சரக்கு எதுவும் சேர்க்காதே, எல்லாம் பொடியிலேயே இருக்கிறது'ன்னு சார்தான் பக்கத்துலயே நின்னாரு. சும்மா சொல்லக் கூடாது, கொதிக்கச் சொல்லவே கமகமன்னு தூக்குச்சி."

"சொன்னீங்களா சார்?"

"சொன்னேன். அது என் கொள்கை," என்றார் இளங்கோ நிமிர்ந்து.

மேடைக்குப் பின்னால் பத்தடி பேனர். அதில் ஏழடி இளங்கோ. மீதியில் பொருள் பட்டியல். 'ஏழே பொருள்! ஒளிவில்லை, மறைவில்லை! துவரம்பருப்பு, மல்லி, மிளகு, சீரகம், மிளகாய், மஞ்சள், கறிவேப்பிலை.'

பூங்காவனம் அதைப் படித்தாள். பிறகு ஒரு நாற்காலியில் உட்கார்ந்து போனை எடுத்துப் பழைய மெசேஜ்களைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனாள். நீண்ட நேரம் தள்ளினாள். ஓர் இடத்தில் விரல் நின்றது. அவள் முகம் வெளிறியது.

12.35. ஜெயராமனின் போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து. ஊசி போட்டாயிற்று, வீக்கம் வடிகிறது, டீச்சர் பேசுகிறாள். மண்டபம் மூச்சு விட்டது. எல்லோரையும்விடப் பெரிதாக விட்டவர் இளங்கோ.

"கடவுள் இருக்கிறார்!" என்றார்.

"இருக்கட்டும் சார்," என்றாள் பூங்காவனம். "இந்த ரசத்துல பெருங்காயம் வாசம் அடிக்குதே, அது எங்கருந்து வந்துச்சு? வசந்தா போடல. நீங்க போட உடல. பேனர்ல இல்ல. உறையிலயும் இல்ல."

இளங்கோ சிரித்தார். "ரசம் என்றால் பெருங்காயம் இருக்காதா? அதையெல்லாமா ஒரு பொருளாகக் கணக்கில் எடுப்பார்கள்? அது மணம் அம்மா, மணம்."

"பெருங்காயம் போட்டா எல்லாரும் பெரிய எழுத்துல பெருமையாப் போடுவாங்க. நீங்க மட்டும் ஏன் சார் மறைச்சீங்க?"

இளங்கோ பேனரைத் திரும்பிப் பார்த்தார்.

"புரியலயே," என்றார் ஜெயராமன்.

"கடையில விக்கிற கட்டிப் பெருங்காயம் தனிப் பெருங்காயம் இல்ல சார். பெருங்காயச் செடியோட பால் அதுல கொஞ்சம்தான். மீதி கோந்தும் மாவும். நெறைய டப்பால அது மைதா, அதாவது கோதுமை. டப்பா பின்னால பொடியா போட்டிருப்பான், யார் படிக்கிறாங்க? அரிசியில கல்லு பாக்கிறோம், பெருங்காயத்துல மாவு பாக்க யாருக்கும் தோணாது. டீச்சருக்கே தோணல." போனை நீட்டினாள். "இவர் அனுப்பின முதல் பட்டியல்ல எட்டுப் பொருள். எட்டாவது கூட்டுப் பெருங்காயம். கூட்டுன்னா அதுல சேர்ந்திருக்கிறதையும் அச்சடிக்கணும், என்னென்னன்னு நான் கேட்டேன். பதிலைப் படிங்க."

ஜெயராமன் உரக்கப் படித்தார்: "'கோந்து, மைதா.' அடுத்தது, ஆறு நிமிஷம் கழிச்சு: 'மைதா இல்லை என்று விளம்பரம் செய்கிறோம். அந்த வரியே வேண்டாம். இடம் போதவில்லை என்று எடுத்துவிடவும்.'"

"எல்லா வீட்டிலும் உள்ள பழக்கம்தானே!" இளங்கோவின் செந்தமிழ் தடுமாறியது. "ஒரு சிட்டிகை... அது என்னா பண்ணிடும்னு..."

"சாம்பிள்ல டீச்சருக்கு ஒண்ணும் ஆகலயே, ஏன்?"

"அப்ப மாவு கலக்காத பால் பெருங்காயம் போட்டோம்." சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்பது அவருக்குத் தெரிந்தது.

"தெரிஞ்சேதான் அந்தப் பொண்ணு கையில டம்ளரைக் குடுத்திருக்க," என்றார் ஜெயராமன். "விழுந்ததும் சமையக்காரி தலையில கட்டுற." வசந்தகுமாரியின் பெயர் எழுதிய தாளைக் கிழித்தார். "நீ போம்மா. நாளைக்கு ஹாஸ்டலுக்கு நேரத்துக்குப் போய்ச் சேரு."

வசந்தகுமாரி நகரவில்லை. பூங்காவனமும் நகரவில்லை.

"சார், இன்னொரு பேரும் எழுதிக்குங்க. அந்த வரியை எடுத்தது நான்தான். கேக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன், பதில் வந்துச்சு, டிக் போட்டுட்டு அடுத்த லேபிளுக்குப் போய்ட்டேன். அன்னிக்கு நாப்பது லேபிள்."

"எதுக்கும்மா வம்பு? வேலை போயிடும்."

"போனாப் போவட்டும். மொதல்ல இவர் போனை வாங்குங்க. எந்தெந்தக் கடைக்குப் பொட்டலம் போயிருக்குன்னு அதுல இருக்கும். கோதுமை ஆகாதவங்க வேற யாராச்சும் வாங்கியிருந்தா, குடிக்கறதுக்குள்ள சொல்லணும்."

இருந்தது. அறுபத்து மூன்று கடைகள்.

வசந்தகுமாரி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "நம்பர் சொல்லுக்கா. பூந்தமல்லி சைடு நான் பண்றேன்."

1.05-க்கு வசந்தகுமாரியின் முதல் கடைக்காரர் எடுத்தார்.

"அலோ, அண்ணாச்சியா? ஆதிருசி ரசப்பொடி வச்சிருக்கீங்களா? ... எத்தினி வித்துச்சி? ... யாராரு வாங்கினாங்கன்னு கொஞ்சம் யோசிச்சிச் சொல்லுங்க அண்ணாச்சி. நான் லைன்லயே கீறேன்."